நூற்றில் ஒன்று

என் அக்கா மொசெல் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அவள் பங்குக்கும் சேர்த்து நானே திட்டிவிடுவதால் எங்கள் குடும்பத்தின் மானம் ஒருவாறு பிழைத்துக் கிடக்கிறது. நான் நெல்டா. ஊரில் இருக்கிற ஒரே சிக்னலுக்கு எதிரே பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். விவாகரத்துக்குப் பிறகு சபைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சபைதான் தலையை அலசிக்கொள்ள என்னிடம் வருகிறது. அக்கா அப்படியில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம், புதன்கிழமை சபை விருந்துக்குச் சிவப்பு மிளகாய் சேர்த்து அவள் கையால் பிசைந்த பிமென்டோ சீஸ். தெற்கு அலபாமாவில் தெருவுக்கு இரண்டு பேர் இப்படி இருப்பார்கள், யாரும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சீஸ் வாங்கப் போன இடத்தில்தான் அவள் விழுந்தாள். சூப்பர் மார்க்கெட்டின் பின்வரிசையில் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் ஒன்று பல நாட்களாக ஒழுகிக்கொண்டிருந்தது. கடையில் எல்லோருக்கும் தெரியும். ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சோம்பல்பட்டு, ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தண்ணீர்மேல் போட்டிருந்தார்கள். ஊறிப்போன அட்டை தரையின் நிறத்துக்கே வந்துவிட்டது. அக்கா தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் வரும்போது, அடுத்த வரிசையிலிருந்து பாஸ்டரின் மனைவி ஐனா, "மொசெல், எப்படிம்மா இருக்க?" என்று கையசைத்தாள். எங்கள் ஊரில் கூப்பிட்டவர்களின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாமல் போனால், சாயங்காலத்துக்குள் உனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசி முடித்திருப்பார்கள். அக்கா திரும்பிச் சிரித்து, "ஆண்டவர் கிருபைல நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் அட்டை வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்தது.

கடை மேனேஜர் ட்ராய் ஓடிவந்தான். அவன் பதறுவதைப் பார்த்துவிட்டு, தரையில் கிடந்தவள் அவனுக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறாள். "பயப்படாதீங்க தம்பி. தப்பு என்னோடதுதான். நான்தான் பாத்து வந்திருக்கணும்." எலும்பு முறிந்த வலியைவிட, நாலு பேர் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்கிற கூச்சம் அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. எங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு அது. என்மேல் மட்டும் ஒட்டவில்லை.

முதல் ஆபரேஷனில் வைத்த உலோக மூட்டு சரியாகப் பிடிக்கவில்லை. பர்மிங்ஹாம் ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"பழையதை எடுத்துட்டு மறுபடி வெக்கணும்மா. இந்த வருஷத்துக்குள்ள செஞ்சா நடப்பீங்க. தள்ளிப்போட்டா தசையெல்லாம் சுருங்கிடும். அதுக்கப்புறம் யார் செஞ்சாலும் பிரயோஜனமில்ல, நாற்காலிதான்."

நிற்க முடியாத சமையல்காரியை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? வேலை போனது. வேலையோடு மருத்துவக் காப்பீடும் போனது. ஆக, அக்கா தன் காலில் நடப்பதா, நாற்காலியில் உட்காருவதா என்பது கடையின் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையில் வந்து நின்றது.

நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் குத்துச்சண்டைக் கையுறை மாட்டிக்கொண்டு முறைப்பானே, ரான்ஸ் பிவின்ஸ், அவனைத்தான் வக்கீலாகப் பிடித்தோம். பலகையில் இருந்த தோள்கள் நேரில் இல்லை. அக்காவின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அவள் சுட்டு வைத்த பெக்கன் கொட்டை இனிப்பில் இரண்டு துண்டை உள்ளே தள்ளிவிட்டுத்தான் சட்டம் பேச ஆரம்பித்தான்.

"கவனக்குறைவு கேஸ்னா நாலே விஷயம்தான் மொசெல் அம்மா. உள்ள வர்றவங்களைப் பத்திரமா பாத்துக்கற கடமை கடைக்காரனுக்கு இருந்துச்சா? இருந்துச்சு. அதுல தவறினானா? ஒழுகுறது தெரிஞ்சும் அட்டையைப் போட்டு மூடினான், தவறினான். அதனாலதான் விழுந்தீங்களா? ஆமா. விழுந்ததாலதான் அடியா? உங்க இடுப்பே சாட்சி. நாலும் நம்ம பக்கம்."

"அப்ப ஏன் உங்க மூஞ்சி இவ்வளவு கோணலா இருக்கு?" என்று கேட்டேன்.

"நாம அலபாமால இருக்கோமே, அதான். மத்த மாநிலம்னா கடைமேல தொண்ணூறு பங்கு தப்பு, இவங்கமேல பத்து பங்குன்னா, பத்தைக் கழிச்சுட்டு மிச்சத்தைக் குடுப்பாங்க. இங்க கழிக்கற பேச்சே கிடையாது. அவங்க விழுந்ததுல அவங்க கவனக்குறைவும் நூத்துல ஒரு பங்கு இருக்குன்னு தீர்ப்பு சொல்ற ஜூரி நெனச்சுட்டா, சுத்தமா ஒண்ணும் இல்ல. கையை ஒதறிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"எந்தப் புண்ணியவான் போட்ட சட்டம் இது?"

"யாரும் போடலை. பழைய காலத்து ஜட்ஜுங்க சொல்லிட்டுப் போனது. இதுவரைக்கும் யாரும் எடுக்கலை."

அக்கா அவன் தட்டில் மூன்றாவது துண்டை வைத்தாள். "அப்ப நான் என்ன சொல்லணும் சார்?"

"என்மேல எந்தத் தப்பும் இல்ல. அவ்வளவுதான். தூங்கறப்ப எழுப்பிக் கேட்டாலும் இதையே சொல்லணும்."

"எந்தத் தப்புமேவா?"

"எந்தத் தப்புமே."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். மூச்சடைக்கிற இருமல் மருந்தைக் குடிக்கச் சொன்னபோது, சின்ன வயதில் அம்மாவிடம் ஆட்டிய அதே தலையாட்டல்.

அதற்குப் பிறகு பார்லரை மூடிவிட்டு ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வீட்டுக்குப் போனேன். நான்தான் எதிர்க்கட்சி வக்கீல். சாட்சிக் கூண்டு அவளுடைய சாய்வு நாற்காலி.

"அந்த விபத்துல உங்க பங்குக்குத் தப்பு ஏதாவது உண்டா மேடம்?"

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இல்ல சார்."

"தெரிஞ்சவரைக்கும் எதுக்குக்கா? வெறும் 'இல்ல'ன்னு சொல்லு."

"இல்ல சார். ஆனா மனுஷங்கன்னா..."

"மனுஷங்களை இங்க யாரும் கேக்கலை. உன்னை மட்டும்தான் கேக்கறாங்க."

"நெல்டா, நான் சுத்தம், எங்கிட்ட ஒரு கறை கிடையாதுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒருத்தி சொன்னா, அவளைப் பத்தி நீயே என்னடி நெனப்ப?"

"கால் நல்லா இருக்கற பொம்பளைன்னு நெனப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாரம் தவறாமல் சபையில் போய், நாம் எல்லோரும் தவறினவர்கள், நம்மில் நன்மை ஒன்றும் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியே வயதான பெண்ணை, ஒரே ஒரு மத்தியானம் மட்டும் அதை மறந்துவிடு என்றால் எப்படி மறப்பாள்? ஆனாலும் விடாமல் பழக்கினேன். கடைசியில் மனப்பாடம் செய்த பிள்ளையைப் போல் ஒரே மூச்சில் சொன்னாள். ரான்ஸும் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, போதும் என்றான்.

கடைக்காக வாதாட வந்தவர் ஹோய்ட் லாங்மையர். பக்கத்து ஊர் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், அதாவது சபை நிர்வாகத்தில் ஒருவர். நரைத்த தலை, மெதுவான பேச்சு. நீதிமன்ற வாசலில் அக்காவின் வாக்கர் கதவில் சிக்கியபோது, எங்கள் வக்கீல் ஃபோனில் பேசிக்கொண்டிருக்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர்தான். நான் ரான்ஸின் முழங்கையை இடித்து, பார் என்று கண்ணைக் காட்டினேன்.

முதலில் ட்ராய் சாட்சி சொன்னான். ஃப்ரீசர் ஒழுகியது தெரியும், அட்டையைப் போடச் சொன்னது நான்தான் என்று ஒத்துக்கொண்டான். லாங்மையர் அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். விழுந்ததும் அந்த அம்மா என்ன சொன்னார்? அவன் தலையைக் குனிந்துகொண்டு, தப்பு என்னோடது, நான் பார்த்து வந்திருக்கணும் என்று அவள் சொன்னதைச் சொன்னான்.

இதற்கு ரான்ஸ் ஒரு பதில் வைத்திருந்தான். அவனை நான் மெச்சிய ஒரே தடவை அதுதான். அக்காவைக் கூண்டில் ஏற்றிவிட்டு, பேசிக்கொண்டே போய் அவள் வாக்கரை இடித்துக் கீழே தள்ளினான். கீழே விழுந்த சத்தம் அடங்குவதற்குள் அக்கா, "ஐயோ மன்னிச்சிருங்க சார், வழியில வெச்சது என் தப்பு" என்றாள்.

ஜூரிப் பெட்டியில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீதிபதி அம்மாவே வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். ரான்ஸ் ஜூரியின் பக்கம் திரும்பி, "நம்ம ஊர்ல இதுக்குப் பேரு குற்றத்தை ஒத்துக்கறது இல்ல, மரியாதை" என்றான். ஜூரியில் உட்கார்ந்திருந்த ஹார்லன் ஓவர்ஸ்ட்ரீட் பலமாகத் தலையாட்டினார். இவர் எங்கள் தெருவிலேயே கடைசி வீடு. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆள். பின்னால் ஜூரிக்குத் தலைவர் ஆனதும் இவர்தான்.

மதிய இடைவேளையில் லாங்மையர் நடைபாதையில் எங்களிடம் வந்தார். கடைக்காரர்கள் ஆபரேஷன் செலவை முழுவதும் ஏற்றுக்கொள்ளத் தயார், வேறெதுவும் தர மாட்டார்கள், வழக்கை இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் ரான்ஸ் எங்களை ஓரமாக இழுத்துப் போனான்.

"பயந்துட்டாங்க. அதான் வர்றாங்க. ஜூரி நம்ம பாக்கெட்ல. ஆபரேஷனோட நிக்கறதா? வேலை போனது, வலி, மிச்ச வாழ்நாள், எல்லாத்துக்கும் வாங்கித் தர்றேன்."

"அவளுக்கு ஆபரேஷன்தான்யா வேணும்" என்றேன். "ஜெயிக்கற பணத்துல உன் பங்கு பெருசாகணும்னு அவ இடுப்புல சூதாடாத."

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "படிச்சவங்ககிட்ட அப்படிப் பேசாதடி. சார், உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க."

சரி என்று அவனுக்குப் பட்டதைச் செய்தான். வேண்டாம் என்று போய்ச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று பார்பிக்யூ சாண்ட்விச் சாப்பிட்டான்.

மதியத்துக்குமேல் லாங்மையர் எழுந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"மொசெல் அம்மா, இடுப்பு வலிக்கும்போது சொல்லுங்க, நிறுத்திக்கலாம்."

"பரவாயில்ல சார்."

"சிஸ்டர் ஐனா கூப்பிட்டப்ப திரும்பிப் பாத்தீங்க இல்லையா?"

"ஆமா சார். கூப்பிடறவங்க முகத்தைப் பாக்காம தரையைப் பாத்தா நல்லா இருக்காதே."

"எங்க அம்மாவும் என்னை அப்படித்தான் வளத்தாங்க." ஜூரியில் இருந்த பெண்கள் புன்னகைத்தார்கள். "காலையில பிவின்ஸ் சார் உங்க வாக்கரைத் தள்ளினார். நீங்க மன்னிப்புக் கேட்டீங்க. அது மரியாதைக்கு. எனக்கும் புரியுது. ட்ராய்கிட்டயும் மன்னிப்பு மட்டும் கேட்டிருந்தா நான் இங்க நின்னு உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். ஆனா நீங்க அவன்கிட்ட, 'நான் பாத்து வந்திருக்கணும்'னு சொன்னீங்க. அது உண்மையா, இல்ல மரியாதைக்குச் சொன்ன பொய்யா?"

"நான் பொய் சொல்றதில்ல சார்."

"தெரியும்மா. ஞாயிறு பள்ளில பாடம் எடுக்கறவங்க. அப்ப அந்த நேரத்துல தரையைப் பாக்கல?"

"பாக்கல சார்."

ரான்ஸ் ஆட்சேபம் என்று எழுந்தான். நீதிபதி உட்காரச் சொன்னார். லாங்மையர் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நோயாளி வீட்டில் ஜெபம் பண்ண வந்த மனிதரைப் போலவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடை தப்பே பண்ணலைன்னு நான் சொல்லப் போறதில்லை. அந்த ஃப்ரீசரை அன்னைக்கே சரி பண்ணியிருக்கணும். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியணும். காலையில கையை உயர்த்திச் சத்தியம் பண்ணீங்க. அந்தச் சத்தியத்து மேல, நீங்க விழுந்ததுல உங்க பங்குக்கு ஒரு பொட்டுத் தப்பும் இல்லைன்னு சொல்லுவீங்களா?"

இதுதான். இத்தனை சாயங்காலமும் இந்தக் கேள்விக்குத்தான் பழகியிருந்தாள். இல்ல சார் என்று சொன்னால் போதும். அவள் வாய் திறந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லு, சொல்லித் தொலை என்று நான் உதட்டை அசைத்தேன். இதைச் சொல்லாவிட்டால் என்ன போகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ரான்ஸ் அவளுக்கு விளக்கியதைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி நான் பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

"சார்," என்றாள், "தப்பே இல்லாதவங்க யாரு சார் இருக்கா, ஆண்டவரைத் தவிர?"

ஜூரிப் பெட்டியில் யாரோ ஒரு பெண் பழக்கதோஷத்தில் ஆமென் என்றுவிட்டாள்.

"நானும் அதைத்தான் விசுவாசிக்கறேன்மா. அப்ப உங்க பங்குக்கும் கொஞ்சம் இருக்கும்?"

"கொஞ்சம் இருக்கும் சார்."

"பாத்து வந்திருந்தா விழுந்திருக்க மாட்டீங்க?"

"விழுந்திருக்க மாட்டேன்னுதான் நெனக்கறேன்."

"பெருசா இல்ல. நூத்துல ஒண்ணு?"

"நூத்துல ஒண்ணு இருக்கலாம் சார்."

"ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லி, உண்மையாகவே தலைவணங்கிவிட்டு உட்கார்ந்தார். அவரைக் கொல்ல வேண்டும் போல் இருந்தது எனக்கு. பொய்சொல்லிக் கவிழ்த்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மனிதர் அவளிடம் இருந்த நல்ல குணத்தை மட்டுமே எடுத்து, அதை வைத்தே அவள் காலை வெட்டினார்.

நீதிபதி அம்மா ஜூரிக்குச் சட்டத்தைப் படித்துக் காட்டினார். ரான்ஸ் சொன்னதேதான், இன்னும் நீளமாக. உள்ளே போனவர்கள் வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்தபோது பெண்களின் கண்கள் சிவந்திருந்தன. கடைக்காரர் பக்கம் தீர்ப்பு என்று ஹார்லன் படித்தார். படிக்கும்போது குரல் உடைந்தது. உடையட்டும்.

பிறகு நடைபாதையில் அவர் தொப்பியை மார்பில் பிடித்துக்கொண்டு அக்காவின் முன்னால் நின்றார்.

"மொசெல், நாங்க எல்லாரும் தொண்ணூத்தொம்பது பங்கு கடைமேலதான்னோம். ஒருத்தர் பாக்கியில்ல. ஆனா அந்த ஒண்ணை நீயே சொல்லிட்ட. நாங்களும் சத்தியம் பண்ணிட்டுத்தானே உக்காந்தோம்."

"நீங்க செய்ய வேண்டியதைத்தானே செஞ்சீங்க பிரதர் ஹார்லன்" என்றாள் என் அக்கா.

"நல்லவங்களா சேந்து ஒருத்தியை நடக்க விடாம பண்ணிட்டீங்க" என்றேன் நான். ஹார்லன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். விவாகரத்து ஆனவள் பேச்சுக்கு யார் பதில் சொல்வார்கள்?

ரான்ஸ் மேல்முறையீடு என்று ஏதோ சொன்னான். கூண்டில் அவளே சொன்ன பிறகு மேலே போய் என்ன சொல்வது? அவன் ஃபோனை எடுப்பதை நிறுத்தினான். பலகையில் மட்டும் இன்னும் கையுறையோடு நிற்கிறான்.

காரில் வரும்போது அக்காவைக் கேட்டேன். "தெரிஞ்சுதானே சொன்ன?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அந்தாளு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு ஆண்டவர் உன்னை நரகத்துலயா தள்ளியிருப்பாரு?"

"ஞாயித்துக்கிழமை அந்தப் பிள்ளைங்க முன்னாடி நான் உக்காரணும்டி."

"அந்தப் பிள்ளைங்களா உன்னைக் குளிப்பாட்டப் போறாங்க?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். நான் வேண்டுமென்றே சொன்னதுதான். அழட்டும் என்றிருந்தது. பிறகு எனக்கும் அழுகை வந்து, காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

டாக்டர் சொன்ன வருஷம் முடிந்தது. தசை சுருங்கியது. வாக்கரோடு கழிவறைவரை போய்க்கொண்டிருந்தவளுக்கு, பிறகு கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதே பாடாகிப்போனது. சபை அவளுக்காக ஒவ்வொரு ஞாயிறும் ஜெபம் பண்ணியது. சமைத்த சாப்பாட்டோடு கேசரோல் பாத்திரங்கள் வந்து குவிந்தன. அவற்றில் பாதி ஜூரியில் இருந்தவர்கள் வீட்டுப் பாத்திரங்கள். அக்கா ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து, நன்றி அட்டை எழுதி வைத்து, என்னிடம் கொடுத்தனுப்பினாள். என் கை தவறிச் சில பாத்திரங்கள் உடைந்தன.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை ஹார்லன் தலைமையில் ஆண்கள் ஒரு படையாக வந்து இறங்கினார்கள். அக்கா சக்கர நாற்காலியோடு வெளியே போய்வர, வாசற்படிகளைப் பிரித்துவிட்டு மரப்பலகையில் சரிவுப் பாதையாக ரேம்ப் போடப் போகிறார்களாம். பலகை முழுவதும் லாங்மையர் உபயம். அவரே தன் பிக்கப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆணியடித்தார்.

அக்கா வீட்டு வாசல் உயரம். முறையாகப் போட்டால் அந்த ரேம்ப் முற்றத்தின் கடைசிவரை நீண்டு, ஓக் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம் திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் மதியத்துக்குமேல் அலபாமா பல்கலைக்கழக அணியின் கால்பந்து ஆட்டம் இருந்தது. எங்கள் ஊர் ஆண்கள் பெற்ற தாயின் அடக்கத்தைக்கூடக் கால்பந்து இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வார்கள்.

"ஹார்லன், இது ரொம்பச் செங்குத்தா இல்ல?" என்று கேட்டேன்.

"பழகிருவா. நேரா வுட்டாதான் சீக்கிரம் முடியும். ஆட்டம் ஆரம்பிக்கற கிக்-ஆஃபுக்கு முன்ன எல்லாரும் வீட்டுல இருக்கணும்."

முடிந்ததும் சுற்றி நின்று கைகோத்து ஜெபம் பண்ணினார்கள். லாங்மையர் தன் கையாலேயே அக்காவை நாற்காலியோடு கீழே இறக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா எல்லோர் பெயரையும் சொல்லி நன்றி சொன்னாள். வெயில் நன்றாக இருக்கிறது, கொஞ்சநேரம் இங்கேயே இருக்கிறேன் என்றாள். பத்து நிமிஷத்தில் வண்டிகள் எல்லாம் போய்விட்டன.

வெயில் சாய்ந்ததும் நான் அவளை மேலே தள்ளப் பார்த்தேன். பாதிவரை ஏறியது. அதற்குமேல் என் கால் பலகையில் வழுக்கியது, நாற்காலி என் நெஞ்சின்மேல் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கினேன். கைப்பிடிகூடப் போட்டிருக்கவில்லை. அக்காவின் முகம் வெளுத்திருந்தது. படிகளைத்தான் காலையிலேயே பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் ஆட்டம் பார்க்க டஸ்கலூசாவுக்கே போயிருந்தார்கள். ஹார்லனுக்கு ஃபோன் போட்டேன்.

"ரேம்ப்ல ஏத்த முடியலை. அவளை அப்படியே பின்னால சாச்சிருப்பேன். யாராவது ரெண்டு பேர் வாங்க."

பின்னால் டிவியில் கூட்டம் அலறிக்கொண்டிருந்தது.

"இப்பதான் ரெண்டாம் பாதி ஆரம்பிச்சுது நெல்டா. முடிஞ்சதும் ஆளைக் கூட்டிட்டு வர்றேன். நாற்காலியில பிரேக் போட்டிருக்காளா பாத்துக்க. அந்த மாதிரி எடத்துல நாமதான் கவனமா இருக்கணும்னு அவகிட்டச் சொல்லு."

நான் ஃபோனை வைத்தேன்.

"என்ன சொன்னாரு?" என்று அக்கா கேட்டாள்.

"ஆட்டம் முடிஞ்சதும் வர்றாராம்."

"பாவம், காலையிலேர்ந்து உழைச்சவங்க. வரட்டும், அவசரமில்ல." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மிகவும் மெதுவாக, "எனக்கு உள்ள பாத்ரூம் போகணும் நெல்டா" என்றாள்.

நான் ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டு, தெருவில் யார் வந்தாலும் தெரியாதபடி அவளுக்கு முன்னால் நின்றுகொண்டேன். அன்றைக்கு ஆட்டம் சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரத்துக்குப் போனது.